இழுக்காத டிராக்டர்: கோளாறு எங்கே?



ஏரில் பூட்டிய மாடு ஒரு நாள் இழுக்காமல் நின்றுவிடுகிறது. உழவர் உடனே மாட்டைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போவாரா? மாட்டார். குளம்பில் முள் குத்தியிருக்கிறதா என்று பார்ப்பார். நுகத்தடி கழுத்தை உறுத்துகிறதா என்று பார்ப்பார். தீனி தின்றதா, தண்ணீர் குடித்ததா என்று கேட்பார். ஏர் மிக ஆழமாக இறங்கிவிட்டதா என்று பார்ப்பார்.

டிராக்டரும் அப்படித்தான். அதற்குத் தீனி டீசல். மூச்சு காற்று. கால் டயர். நுகத்தடி கலப்பையை மாட்டும் இடம். இவற்றில் எது கெட்டாலும் இழுவை குறையும். ஆனால் டிராக்டர் இழுக்கவில்லை என்றதும் பலர் சொல்வது ஒன்றுதான். “இஞ்சின் போய்விட்டது!”

ஒரு குடும்பத்தின் கதை

மத்தியப் பிரதேசத்தில் ஒரு கரிசல் காட்டு ஊர். அங்கே ஒரு கணவனும் மனைவியும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடனில் வாங்கிய 35 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று அவர்களிடம் இருக்கிறது. சொந்த நிலம் கொஞ்சம். வாடகைக்கு உழுதுதான் கடன் தவணை கட்டுகிறார்கள்.

சோயா அறுவடை முடிந்தது. கோதுமை விதைக்கும் காலம் வந்தது. மண்ணில் ஈரம் இருக்கும்போதே உழ வேண்டும். அந்த நேரம் பார்த்து டிராக்டர் திணறியது. 9 கொத்துக் கலப்பையை இறக்கினால் இஞ்சின் சத்தம் கம்மியது. புகைக் குழாயில் கரும்புகை வந்தது. பிறகு நின்றே போனது.

டவுனில் ஒருவர் வந்து பார்த்தார். இரண்டு நிமிடம்தான் பார்த்தார். “இஞ்சினைப் பிரித்து வேலை செய்ய வேண்டும்” என்றார். அதற்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். வேலை முடிவதற்குள் விதைப்புக் காலமும் போய்விடும். கணவர் இன்னொரு கடன் வாங்கப் புறப்பட்டார்.

மனைவி மாலை வகுப்பில் புதிதாகப் படிக்கக் கற்றவர். டிராக்டரோடு வந்த புத்தகம் தகரப் பெட்டிக்குள் கிடந்தது. அவர் அதை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். “கொஞ்சம் பொறுங்கள். இதில் என்னமோ எழுதியிருக்கிறது. பார்த்துவிட்டுப் போங்கள்” என்றார்.

அந்தப் புத்தகத்தில் என்ன இருந்தது என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் கோளாறு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கும் வழியைப் பார்ப்போம்.

மூன்று அறிகுறிகள்

டிராக்டர் இழுக்காதபோது மூன்றில் ஒன்று நடக்கும்.

1. இஞ்சின் சத்தம் கம்மும். புகை வரும். இஞ்சின் நின்றுவிடும். அப்படியானால் சுமை அதிகம். அல்லது இஞ்சினுக்கு டீசலோ காற்றோ போதவில்லை.

2. இஞ்சின் நன்றாக ஓடும். பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றும். அப்படியானால் இஞ்சினில் குறை இல்லை. டயருக்குப் பிடிப்பு இல்லை.

3. இஞ்சின் வேகமாக ஓடும். சக்கரம் சுற்றாது. கருகிய நாற்றம் வரும். அப்படியானால் கிளச் வழுக்குகிறது. இஞ்சினின் பலம் சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

இஞ்சின் பலம் வேறு, இழுக்கும் பலம் வேறு. நர்மதை ஆற்றங்கரையில் புத்னி என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1955-ஆம் ஆண்டு மத்திய அரசு டிராக்டர் பயிற்சி நிலையம் தொடங்கியது. டிராக்டர்களைச் சோதிக்கும் வேலையும் அங்கே நடக்கிறது. இஞ்சின் பலத்தை ஒரு சோதனையில் அளக்கிறார்கள். இழுக்கும் பலத்தை வேறு ஒரு சோதனையில் அளக்கிறார்கள். இஞ்சினில் பிறக்கும் பலம் முழுவதும் கலப்பைக்கு வந்து சேராது. வழியில் கொஞ்சம் குறையும். பாதி வழியிலேயே காணாமல் போனால்தான் கோளாறு.

முதலில் சுமையைப் பாருங்கள்

“அகல உழுவதிலும் ஆழ உழு” என்பது பழமொழி. ஆழ உழுவது நல்லதுதான். ஆனால் வண்டியின் பலத்துக்குத் தகுந்த ஆழம் வேண்டும். ஆழம் கூடக் கூடச் சுமையும் கூடும். காய்ந்து இறுகிய மண்ணில் இன்னும் கூடும்.

கலப்பையின் கொழு மழுங்கியிருந்தாலும் சுமைதான். மழுங்கிய அரிவாளால் அறுப்பது போன்றது அது. சில கொழுக்களுக்கு இரண்டு பக்கமும் முனை இருக்கும். ஒரு முனை தேய்ந்தால் திருப்பிப் போடலாம்.

கியரையும் பாருங்கள். கனமான உழவுக்குக் குறைந்த கியர்தான் சரி. தலைச்சுமையோடு மேடு ஏறுகிறவர் ஓடமாட்டார். சின்னச் சின்ன அடியாக வைப்பார். டிராக்டரும் அப்படித்தான் ஏற வேண்டும்.

இஞ்சினின் மூச்சு

இஞ்சினுக்குள் டீசல் எரியக் காற்று வேண்டும். காற்றை வடிகட்ட ஏர் ஃபில்டர் இருக்கிறது. அது தூசியால் அடைத்தால் இஞ்சினுக்கு மூச்சுத் திணறும். டீசல் சரியாக எரியாது. கரும்புகை வரும்.

பல டிராக்டர்களில் ஏர் ஃபில்டரின் அடியில் எண்ணெய்க் கிண்ணம் இருக்கும். தூசி அந்த எண்ணெயில் படியும். நாளாக ஆக எண்ணெய் சேறு போல் ஆகிவிடும். இஞ்சினை நிறுத்திவிட்டுக் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவ வேண்டும். புதிய எண்ணெயைக் கோடு வரை ஊற்ற வேண்டும். கோட்டுக்கு மேல் ஊற்றக் கூடாது.

சில டிராக்டர்களில் காகித ஃபில்டர் இருக்கும். அதை டீசலில் கழுவக் கூடாது. தரையில் ஓங்கி அடிக்கக் கூடாது. உள்ளிருந்து வெளியே மெதுவாகக் காற்று அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். கிழிந்தால் மாற்ற வேண்டும். கிழிந்த ஃபில்டர் வழியாகத் தூசி போனால் இஞ்சின் உண்மையிலேயே தேய்ந்துவிடும்.

இஞ்சினின் தீனி

டீசல் ஃபில்டர் அடைத்தாலும் இழுவை குறையும். டீசலில் தண்ணீர் கலந்தாலும் குறையும். குழாய்க்குள் காற்று புகுந்தாலும் இஞ்சின் விட்டு விட்டு ஓடும். காற்றை வெளியேற்றும் முறை அந்தந்த டிராக்டரின் புத்தகத்தில் இருக்கும்.

டேங்க் மூடியில் ஒரு சிறு துளை இருக்கும். டீசல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். அந்தத் துளை மண்ணால் அடைத்துவிட்டால் டீசல் சரியாக இறங்காது. டிராக்டர் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும். பிறகு சோர்ந்துவிடும். மூடியைத் தளர்த்திப் பாருங்கள். இழுவை திரும்பி வந்தால் குற்றவாளி அந்தத் துளைதான். செலவு ஒரு பைசா இல்லை.

புகையும் சேதி சொல்லும். கரும்புகை என்றால் காற்றுப் போதவில்லை அல்லது சுமை அதிகம். நீலப்புகை என்றால் இஞ்சின் ஆயில் எரிகிறது. இஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப்புகை வந்தால் டீசல் சரியாக எரியவில்லை அல்லது தண்ணீர் கலந்திருக்கலாம்.

டீசல் பம்பின் சீலை நீங்களாக உடைக்காதீர்கள். நாசில் குழாயில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவாதீர்கள். அங்கே வரும் டீசல் ஊசி போலத் தோலைத் துளைத்துவிடும்.

டயரின் பிடிப்பு

பின் டயரின் பட்டைகள் தேய்ந்தால் மண்ணைப் பிடிக்காது. டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி இருக்கும். முன்னோக்கிப் போகும்போது சக்கரம் அந்தப் பக்கம் சுற்ற வேண்டும். டயரை மாற்றி மாட்டினால் பிடிப்புக் குறையும். காற்றைப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு வையுங்கள். ரோட்டுக்கு ஒரு அளவு, வயலுக்கு ஒரு அளவு இருக்கும்.

பின் சக்கரத்தில் எடை கூட்டினால் பிடிப்பும் கூடும். அதற்காக இரும்பு எடை மாட்டலாம். டயருக்குள் தண்ணீரும் நிரப்பலாம். டயரில் நாலில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர் இருக்கக் கூடாது.

சக்கரம் எவ்வளவு வழுக்குகிறது என்று நீங்களே கணக்குப் போடலாம். பின் சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். முதலில் கலப்பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டுங்கள். சக்கரம் 10 சுற்று சுற்றும் தூரத்தை அளங்கள். 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிறகு கலப்பையை இறக்கி உழுதுகொண்டே 10 சுற்று ஓட்டுங்கள். 34 மீட்டர் வந்தால் 6 மீட்டர் வழுக்கல். 40-க்கு 6 என்றால் 100-க்கு 15. வயலில் இந்த அளவு இருக்கலாம். 30 மீட்டர்தான் வந்தால் 100-க்கு 25. உழவில் நாலில் ஒரு பங்கு ஓட்டம் வீண். டீசலும் வீண்.

அளப்பவர் ஓடும் டிராக்டருக்கு அருகே நடக்கக் கூடாது. தள்ளி நின்று சுற்றை எண்ண வேண்டும். வண்டி நின்ற பிறகு தூரத்தை அளக்க வேண்டும்.

கிளச்சும் பிரேக்கும்

சிலர் கிளச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுவார்கள். அதனால் கிளச் பிளேட் சீக்கிரம் தேயும். பெடலில் விளையாட்டு, அதாவது பிரீ பிளே, சரியாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கிளச் வழுக்கும்.

பிரேக் முழுவதும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலும் டிராக்டர் திணறும். ஓட்டி நிறுத்தியதும் ஒரு பக்கப் பிரேக் மட்டும் கொதித்தால் அது பிடிக்கிறது என்று அர்த்தம்.

எண்ணெய் தள்ளும் டிராக்டர்

சில சிறு டிராக்டர்களில் வேகத்துக்குக் கியர் மாற்ற வேண்டியதில்லை. ஒரு பம்ப் எண்ணெயை அழுத்தித் தள்ளும். அந்த அழுத்தம் ஒரு மோட்டாரைச் சுற்றும். மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். இதற்கு ஹைட்ரோஸ்டாட்டிக் என்று பெயர். நெல் அறுக்கும் பெல்ட் வண்டிகளிலும் இந்த முறை இருக்கிறது.

இதில் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. வண்டி திணறினால் பெடலை இன்னும் அழுத்துவார்கள். அது தப்பு. பெடலை அழுத்தினால் வேகம் கூடும், இழுவை குறையும். பெடலைத் தளர்த்தினால் வேகம் குறையும், இழுவை கூடும். கனமான வேலைக்கு முன் வண்டியை நிறுத்தி, ‘லோ’ என்ற குறைந்த வேகத்துக்கு மாற்ற வேண்டும்.

காலையில் இழுக்கிறது, சூடானதும் இழுக்கவில்லையா? எண்ணெயைப் பாருங்கள். சூட்டில் எண்ணெய் இளகிவிடும். அளவு குறைவா? வேறு வகை எண்ணெய் ஊற்றப்பட்டதா? ஃபில்டர் அடைத்திருக்கிறதா? குளிரவைக்கும் விசிறியும் தகடுகளும் வைக்கோலால் மூடியிருக்கின்றனவா? இவை எல்லாம் சரியாக இருந்தும் இழுக்கவில்லை என்றால் பம்ப் தேய்ந்திருக்கலாம். அதை வீட்டில் பிரிக்கக் கூடாது. ஒரு துளி மண் போதும், அந்தப் பம்பைக் கெடுக்க.

உயிர் முக்கியம்

இழுவை குறைந்த டிராக்டரில் சிலர் ஆபத்தான வேலை செய்கிறார்கள். சங்கிலியை மேலே, அச்சிலோ அதற்கு மேலோ கட்டி இழுக்கிறார்கள். அப்போது முன் சக்கரம் தூக்கும். கண் மூடித் திறப்பதற்குள் டிராக்டர் பின்பக்கமாகக் கவிழும். ஓட்டுபவர் குதிக்க நேரம் இருக்காது. எதை இழுத்தாலும் கீழே உள்ள இழுவைக் கம்பியில் மட்டும் மாட்டுங்கள்.

சோதிக்கும் முன் கலப்பையைத் தரையில் இறக்குங்கள். இஞ்சினை நிறுத்துங்கள். சுற்றும் தண்டின் பக்கம் புடவை முந்தானை, வேட்டி, துண்டு போகக் கூடாது.

அந்தக் குடும்பம் என்ன ஆனது?

அவர்கள் பார்த்தது முதல் அறிகுறி. இஞ்சின் சத்தம் கம்மல், கரும்புகை. ஏர் ஃபில்டர் எண்ணெயை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. தூசி அதிகம் என்றால் இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டும் என்றும் இருந்தது. மனைவி படித்துவிட்டுக் கேட்டார். “கோடையில் கோதுமை அடித்தோமே, அதற்குப் பிறகு இதைத் திறந்தீர்களா?” கணவர் பதில் சொல்லவில்லை. ஸ்பானரை எடுத்து வந்தார்.

கிண்ணத்தில் எண்ணெய் இல்லை. களிமண் போல ஒன்று இருந்தது. கழுவினார்கள். புதிய எண்ணெய் ஊற்றினார்கள். கரும்புகை குறைந்தது. ஆனாலும் கொஞ்சம் திணறல் இருந்தது. கொழுக்களைப் பார்த்தார்கள். எல்லாம் மழுங்கியிருந்தன. திருப்பிப் போட்டார்கள். மறுநாள் காலை டிராக்டர் உழுதது. இரண்டாவது கடன் தேவைப்படவில்லை.

எல்லாக் கோளாறும் இப்படிச் சுலபமாகத் தீராது. சில சமயம் இஞ்சின் உண்மையாகவே தேய்ந்திருக்கும். அப்போது நல்ல மெக்கானிக் வேண்டும். ஆனால் அவரிடம் போகும்போது “வண்டி இழுக்கவில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். சத்தம் எப்படி, புகை என்ன நிறம், சக்கரம் சுற்றியதா, சூடான பிறகா, முன்பேயா என்று சொல்லுங்கள். அவருக்கும் நேரம் மிச்சம். உங்களுக்கும் பணம் மிச்சம்.

இப்போது அந்த வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. தேதி, டிராக்டர் ஓடிய மணி, மாற்றிய எண்ணெய், கொடுத்த பணம் எல்லாம் அதில் இருக்கின்றன. எழுதுவது மனைவி. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நோட்டு வையுங்கள். நீங்கள் கற்ற எழுத்து உங்கள் டிராக்டரையும் காப்பாற்றட்டும்.



கூடிப் பேசுங்கள்

1. டிராக்டர் இழுக்காதபோது தெரியும் மூன்று அறிகுறிகள் எவை?
2. டேங்க் மூடியின் துளை அடைத்தால் என்ன நடக்கும்?
3. கலப்பையைத் தூக்கி ஓட்டும்போது 10 சுற்றுக்கு 40 மீட்டர். உழும்போது 36 மீட்டர். 100-க்கு எத்தனை வழுக்கல்?
4. சங்கிலியை மேலே கட்டி இழுத்தால் என்ன ஆபத்து?
5. உங்கள் ஊர் டிராக்டர் ஒன்றின் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். ஏர் ஃபில்டர் பற்றி என்ன எழுதியிருக்கிறது? படித்துச் சொல்லுங்கள்.