இந்திப் படமும் தமிழ்க் குரலும்

(அக்குறணையில் நடைபெற்ற வாலிபர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது திரைப்பட மாலைக்கு இந்திப் படமொன்று தெரிவாகியிருக்கிறது. தமிழ் டப்பிங்கில் காட்டுவதா, அடியில் ஆங்கில எழுத்தோடு மூல மொழியிலே காட்டுவதா என்பதே வழக்கு. டப்பிங் என்றால் வாலிபர் நகைக்கின்றனர். இந்தி என்றாலே பெரியோர் சிலர் முகஞ் சுளிக்கின்றனர்.

இந்திப் பாட்டு நமக்குப் புதிதன்று. 1952ஆம் ஆண்டு அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுக்களை ஒதுக்கியபோது, அவற்றுக்கு இடங்கொடுத்தது இலங்கை வானொலியே. அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' கொழும்பிலிருந்துதான் ஒலித்தது. பொருள் அறியாமலே மெட்டை முணுமுணுத்த தலைமுறை அது. அந்தக் கதைகளே தமிழ் பேசி வந்தபோது ஜனங்கள் கொட்டகைக்கு விரைந்ததில் வியப்பென்ன? திலீப்குமாரின் 'ஆன்' அப்படி வந்தது. 'உரன் கடோலா' 1956இல் 'வானரதம்' ஆயிற்று. நௌஷாத்தின் மெட்டுக்குக் கம்பதாசன் தமிழ் எழுத, லதா மங்கேஷ்கரே தமிழிற் பாடினார்.

டப்பிங் எளிய வேலையன்று. நடிகர் 'ப', 'ம' சொல்லி உதடு மூடும் இடத்திலே தமிழிலும் உதடு மூடும் எழுத்து வரவேண்டும். ஆயினும் ஓர் அனுகூலம் உண்டு. இந்தியிலும் தமிழைப் போலவே வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் நிற்கிறது. கோபமோ அழுகையோ, முகம் மாறும் கணத்திலே சொல்லும் வந்து சேர்கிறது. ஆங்கிலப் படத்துக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

எல்லாம் வென்றன என்று சொல்லமாட்டேன். 'மொகலே ஆஸம்' 1961இல் 'அக்பர்' என்று தமிழில் வந்து தோற்றது. திட்டமிட்டிருந்த ஆங்கிலப் பதிப்பும் அத்தோடு கைவிடப்பட்டது. அப்படத்தின் உயிர் உருது வசனத்தின் கம்பீரத்தில் இருந்தது என்பது என் எண்ணம். துஆ, துனியா என்ற சொற்கள் வீட்டுப் பேச்சிலேயே புழங்கும் நம் ஊர் முஸ்லிம் நண்பர்கள் அந்த நஷ்டத்தை நம்மினும் நன்றாக உணர்வார்கள்.

ஆனால் நாம் காட்டப்போவது 2016இல் வந்த 'தங்கல்'. பெண்மக்களுக்கு மல்யுத்தம் பழக்கும் தகப்பன் கதை. மிஷன் பாடசாலையிற் படித்த எனக்கு ஆங்கில எழுத்து ஓடும். தோட்டத்திலிருந்து வரும் பாட்டிமாருக்கு ஓடாது. பெண்பிள்ளைக்கு எதற்கு விளையாட்டு என்று வீட்டிலே தீர்ப்புச் சொல்பவர்களும் அவர்களே. அந்தத் தகப்பன் பேசுவது அவர்கள் காதில் விழவேண்டாமா?

ஆகவே டப்பிங் பிரதியையே பெறுமாறு செயலாளரை வேண்டுகிறேன். மூல மொழி விரும்பும் நண்பர்கள் கைபேசியிற் பார்த்துக்கொள்ளலாம். பாட்டிமாருக்கு அந்த வசதி இல்லை.