சானடோரியம் தந்த மருந்து

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர் வரக் காரணம், டாக்டர் சௌரி முத்து 1928-இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனை. அந்த நோய்க்கு அப்போது மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்ததே 1943-இல்தான். சுத்தமான காற்று, சத்தான சாப்பாடு, மாதக்கணக்கில் கட்டிலில் சும்மா படுத்திருப்பது: இவ்வளவுதான் சிகிச்சை.

மருந்துகள் வந்த பிறகு, அவற்றை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று 1959-இல் வெளியான சென்னை ஆய்வு காட்டியது. கிருமியைக் கொல்ல மருந்துதான் வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் களைத்த உடம்புக்கு? சும்மா உட்கார்ந்தால் இதயத் துடிப்பு தணிகிறது, இறுகிய தோள் தளர்கிறது. ஓய்வின்போது மூளையும் கற்றதை நிதானமாகப் பதிய வைக்கிறது. சும்மா இருப்பது சோம்பல் அல்ல.

இன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, செல்போனைத் தள்ளி வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா இருங்கள்.