பழைய லென்ஸும் பழைய எழுத்தும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பழைய மாக்ரோ லென்ஸுகளை இக்காலத்து டிஜிட்டல் காமிராவில் பயன்படுத்துவது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். தமிழ்ச் சங்க மேடையில் காமிராப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. அதைக் கூறவே எழுந்து நிற்கிறேன்.

சிறிய பொருளை மிக அருகிலிருந்து, ஓரம் வரையில் தெளிவு குன்றாமல் படமெடுக்க அமைந்ததே மாக்ரோ லென்ஸ். பூவுக்கும் பூச்சிக்குமே அது பிறந்ததெனப் பலரும் நினைக்கின்றனர். ஆனால் அவற்றுள் பெரும்புகழ் பெற்ற ஒன்றின் பிறப்பு வரலாறு வேறு. ஜப்பானிய ஏடுகளை மைக்ரோபிலிமில் பதிக்க முனைந்தபோது, அம்மொழி எழுத்துகளின் நெருங்கிய நுண்கோடுகள் சாதாரண லென்ஸில் ஒன்றோடொன்று குழம்பின. அக்குறையைத் தீர்க்க நிக்கான் நிறுவனம் 1956இல் ‘மைக்ரோ நிக்கார்’ லென்ஸைச் செய்தளித்தது. 1961இல் அதன் வழித்தோன்றல் எஸ்.எல்.ஆர். காமிராவுக்கும் வந்தது. ஆக, ஒரு மொழியின் எழுத்தைக் காக்கப் பிறந்த கருவி அது!

பழைய லென்ஸ் புதிய காமிராவில் பொருந்துமா? வெவ்வேறு உறுப்புகளை இணைத்துப் படமெடுப்பது நம்மவர்க்குப் புதிதன்று. அ. மாதவையாவின் மகனும், கானுயிர்களைப் படமெடுத்துப் புகழ் பெற்றவருமான மா. கிருஷ்ணன் (1912–1996), ஒரு காமிராவின் உடலையும் வேறொன்றின் லென்ஸையும் தாமே பிணைத்து, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்டு வழங்கினார். இன்று அவ்வளவு பாடு வேண்டா. பழைய நிக்கான் லென்ஸ் படத்தளத்திலிருந்து 46.5 மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இக்காலத்து மிரர்லெஸ் காமிராக்களில், சோனியில் அத்தொலைவு 18. நிக்கான் இசட் வகையில் 16. இடைவெளியை நிரப்ப, உள்ளே கண்ணாடி ஏதுமில்லாத ஓர் அடாப்டர் வளையமே போதும். கண்ணாடி குறுக்கிடாமையால் தெளிவும் குறையாது. ஓர் எச்சரிக்கை: 1977க்கு முற்பட்ட நிக்கான் லென்ஸுகளைச் சில நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். காமிராக்களில் நேராகப் பொருத்தினால் காமிரா பழுதுபடும். முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி என் வீட்டுக் கதை ஒன்று. மண்டி மொஹல்லாவில் எங்கள் பழைய வீட்டு அலமாரியைத் திறந்தபோது, தந்தையார் வைத்திருந்த 55 மி.மீ. மைக்ரோ நிக்காரும், பாட்டனாரின் வரவு செலவுக் குறிப்பேடும் ஒரே தட்டில் கிடந்தன. லென்ஸின் ஓரத்தில் பூஞ்சை படரத் தொடங்கியிருந்தது. ஏட்டின் ஓரமோ தொட்ட மாத்திரத்தில் உதிர்ந்தது. இரண்டையும் போற்றிப் பூட்டி வைத்திருந்தோம், பூட்டியே கெடுத்திருந்தோம்!

லென்ஸைத் துப்புரவு செய்வித்து ஏட்டைப் படமெடுத்தேன். முதல் முயற்சி வீணாயிற்று. ஒருபுறம் தெளிந்து மறுபுறம் மங்கியது. காமிரா ஏட்டுக்கு நேராக நில்லாததே காரணம். பிறகு ஒரு பெரியவர் எளிய உபாயம் சொன்னார். ஏட்டின்மேல் சிறு முகக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். படத்தின் நட்டநடுவில் லென்ஸின் பிம்பம் தெரிந்தால் காமிரா நேராக நிற்கிறது என்பது பொருள். அவ்வாறே செய்தேன். மங்கிய மையில் ஒரு வரி திரையில் எழுந்தது: மஞ்சள் மூட்டைக்கு வண்டிக் கூலி, அதன் பக்கத்தில் சத்தியமங்கலத்தை அடுத்த ஒரு சிற்றூரின் பெயர். எங்கள் பூர்வீக ஊர் எது என்று வீட்டில் நெடுநாளாக நிலவிய வழக்கு அன்று தீர்ந்தது. அதை அறிய விரும்பிய என் அத்தையார் அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். அந்த வருத்தமே என்னை இங்கே பேச வைக்கிறது.

கைப்பேசி போதாதோ என்பீர்கள். முழுப் பக்கத்துக்குப் போதும். ஆனால் தேய்ந்த கோட்டை அது தானே மெருகிட்டு மாற்றிவிடக்கூடும். இந்த லென்ஸோ பொருளைப் பாதி அளவில் சென்சாரில் பதிக்கும். முழுச்சட்ட காமிராவில் 72க்கு 48 மி.மீ. பரப்பு கிடைக்கும். ஓலைச்சுவடியின் அகலம் அதில் பெரும்பாலும் அடங்கும். நீளத்தைப் பகுதி பகுதியாக எடுத்து இணைக்கலாம்.

செய்முறை எளிது. ‘லென்ஸ் இன்றியும் படமெடுக்க’ அனுமதிக்கும் அமைப்பைக் காமிராவில் இயக்குங்கள். காமிராவைத் தாங்கியில் நிறுத்தி, திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக் கையாலேயே குவியுங்கள். துவாரத்தை 5.6 அல்லது 8இல் வையுங்கள். இரு பக்கமும் சாய்வாக விளக்கு வையுங்கள். அருகே செல்லச் செல்ல ஒளி குறையும். அதற்கேற்பப் படமெடுக்கும் நேரத்தை நீட்டுங்கள். விரல் பட்டு அசையாதிருக்க, இரண்டு விநாடி தாமதித்து இயங்கச் செய்யுங்கள். மழைக்காலத்தில் லென்ஸைத் தோல் உறையில் மூடி வையாமல், காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள்.

அன்பர்களே! மத்தியக் கல்வெட்டுத் துறை அலுவலகம் 1966இல் உதகமண்டலத்திலிருந்து நம் மைசூருக்கு வந்தது. மன்னர்கள் கல்லில் வெட்டிய தமிழின் மைப்படிகள் இவ்வூரில் பல்லாண்டுகள் பேணப்பட்டன. மன்னர் சொல்லைக் காக்க ஒரு துறை இருக்கிறது. பிழைப்புத் தேடி மலையேறி வந்த நம் பாட்டன் பாட்டியரின் கடிதத்தையும் கணக்கையும் காக்க நம்மையன்றி யார் இருக்கிறார்கள்? தமிழ் பேசியும் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகள் ஒரு நாள் கற்றுக்கொள்ள விரும்பினால், படிப்பதற்கு வீட்டு எழுத்து ஒன்றாவது மிஞ்சியிருக்க வேண்டாமா?

ஆகவே, இன்றிரவே அலமாரியைத் திறந்து பாருங்கள். லென்ஸ் உள்ளவர்கள் லென்ஸைக் கொணருங்கள். ஏடு உள்ளவர்கள் ஏட்டைக் கொணருங்கள். ஞாயிறுதோறும் சங்கக் கூடத்தில் கூடிப் படமெடுப்போம். உடனிருந்து உதவ நான் கடமைப்பட்டுள்ளேன்.