பெயர் எழுதிய கல்லும் பெயரற்ற அட்டையும்

(தஞ்சையில் தமிழன்பர் கூடிய அரங்கில் ஆற்றப்பெற்ற உரை)



மொழியுரிமையும் இனவுரிமையும் முழங்கும் மேடையில் பழைய அஞ்சலட்டைகளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களுள் சிலர் எண்ணலாம். இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலும், அரண்மனையும், ஆற்றங்கரையும், உழவரும், ஆடல் மகளிரும் படமாக அச்சிடப்பெற்ற அட்டைகள் 1900ஆம் ஆண்டையொட்டி மிகுதியாக வெளிவந்து கடல் கடந்து போயின. இன்று மேலைநாட்டுத் திரட்டாளர்கள் அவற்றை விலைபேசி வாங்குகின்றனர். அத்தகைய அட்டை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். விற்ற கடையின் பெயர் இருக்கும். அச்சிட்ட நாட்டின் பெயர் இருக்கும். படத்தை எடுத்தவன் பெயர் பெரும்பாலும் இராது. படத்தில் நிற்பவள் பெயரோ இருக்கவே இராது. இவ்விரு பெயர்களும் எங்கே போயின? இதுவே என் கேள்வி.

அதற்கு முன் ஒரு சொல் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம்மவர் பலர் 'புகைப்படம்' என்கின்றனர். படம் எடுப்பதில் புகைக்கு என்ன வேலை? ஒளியால் வரையப்படுவது அது. ஆகவே 'ஒளிப்படம்' என்பதே பொருந்திய சொல். அச்சொல்லையே இங்கு ஆள்கிறேன்.

கல்லில் எழுதிய பெயர்கள்

பெயரின் அருமையைத் தஞ்சைக்கு எவரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய பெரிய கோயிலின் கற்சுவர்களைப் பாருங்கள். அரசன் கொடுத்ததும், அவன் தமக்கை கொடுத்ததும், அரசியர் கொடுத்ததும், பிறர் கொடுத்ததும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. கோயிலை எடுப்பித்த அரசனின் பெயர் மட்டுமா அங்கிருக்கிறது? கட்டிய தலைமைத் தச்சனின் பெயரும் இருக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன்.

இன்னும் கேளுங்கள். பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்கு அழைத்துவரப்பெற்ற ஆடல் மகளிர் 400 பேர். திருவையாற்றிலிருந்து வந்தவர் உண்டு. திருவாரூரிலிருந்து வந்தவர் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து வந்தவரும் உண்டு. அவர்கள் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தளிச்சேரியில் எந்தச் சிறகில் எத்தனையாம் வீட்டில் குடியிருந்தவர், பெயர் என்ன என்பதெல்லாம் ஒருவர் விடாமல் எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் விளையும் பங்கு. நட்டுவர், பாணர், கணக்கர், தச்சர், தையற்காரர், குடைபிடிப்பார், விளக்கேற்றுவார் என்று பணி பணியாகப் பங்கு குறிக்கப்பட்டுள்ளது. உழைத்தவனைப் பெயரிட்டு எழுதுவது நம் முன்னோர் கண்ட முறை!

கல்லைப் படமெடுத்தவர்

அக்கல்லின் முன்னே 1858இல் ஓர் ஒளிப்படக் கருவி வந்து நின்றது. சென்னை மாநில அரசின் ஒளிப்படக் கலைஞராக 1856இல் அமர்த்தப்பெற்ற ஆங்கிலப் படையலுவலர் இலின்னேயசு திரைப்பு என்பவர் கொணர்ந்த கருவி அது. பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் எழுத்துகளை அவர் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். படியெடுப்பவர் கைப்பிழை புகாமல் கல்லெழுத்தை உள்ளவாறே காட்ட அது செய்யப்பெற்றது. செருமானிய அறிஞர் உல்ட்சு தஞ்சைக் கல்வெட்டுகளைத் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியாக 1891 முதல் அச்சேற்றியதோ அதற்கு முப்பது ஆண்டுக்கும் பிந்தியே.

அவ்வகையில் திரைப்பின் உழைப்பை மதிக்கிறோம். அயலவர் என்பதற்காக அவர் செய்த நற்பணியை மறைப்பது தமிழர்க்கு அழகன்று. ஆனால் அந்நாளில் படமெடுப்பது ஒருவர் வேலையன்று. கருவியும் தாளும் மருந்தும் மாட்டு வண்டிகளில் வரவேண்டும். வெயில் தாழ்வதற்குள் தாளைப் பதப்படுத்த வேண்டும். நீர் கொணர வேண்டும். இருட்டறை அமைக்க வேண்டும். பின்னர்ப் படிகள் எடுக்க வேண்டும். இவற்றில் எத்தனைத் தமிழ்க் கைகள் உழைத்திருக்கும்!

அக்கைகளுள் ஒருவர்க்கு மட்டும் பெயர் எஞ்சியிருக்கிறது. திரைப்பிடம் துணையாளராகப் பணியாற்றிய ஐயாசாமி என்பவரே அவர். 1850இல் மருத்துவர் அலெக்சாந்தர் அண்டர் சென்னையில் நிறுவிய தொழிற்கலைப் பள்ளியிலும் அவர் ஒளிப்படப் பணி செய்தார். ஆங்கில ஆவணங்கள் அவர் பெயரை ஆங்கில எழுத்துக்கூட்டில், முன்னே ஒற்றை எழுத்துடன், எழுதி வைத்துள்ளன. அந்த ஒற்றை எழுத்துக்குள் அவருடைய தந்தை பெயரோ ஊர்ப்பெயரோ அடைபட்டுக் கிடக்கிறது. திரைப்பு வெளியிட்ட தொகுப்பின் தலைப்பில் திருவையாறு 'திரிவாடி' ஆனது; தஞ்சாவூர் 'டாஞ்சூர்' ஆனது. ஊருக்கே இந்த நிலை என்றால் ஆளுக்கு என்ன நிலை இருந்திருக்கும்?

அட்டையில் அழிந்த பெயர்கள்

அரை நூற்றாண்டு கழிந்து பட அஞ்சலட்டைகள் வந்தன. இந்நாட்டில் 1879 சூலையில் கால் அணா விலையில் வெறும் அஞ்சலட்டை வந்தது. படமிட்ட அட்டை அந்நூற்றாண்டின் இறுதியில் பரவியது. இன்றும் சென்னை அண்ணா சாலையில் நிற்கும் இக்கின்பாதம்சு நூற்கடை அத்தகைய அட்டைகளை வெளியிட்டது. சென்னையில் ஒளிப்பட நிலையம் நடத்திய வீல், கிளைன் என்னும் இருவரின் நிறுவனமும் வெளியிட்டது. அவற்றுள் பல செருமனியில் அச்சாகிக் கப்பலில் திரும்பி வந்தவை.

படத்தின் கீழே என்ன எழுதினார்கள்? 'தமிழ்ப் பெண்', 'ஆடற்பெண்', 'உழவன்' என்று எழுதினார்கள். கடல் கடந்த இலங்கை மலைத் தோட்டங்களில் தேயிலை பறித்த நம் இனத்தாரைப் படமெடுத்து 'தமிழ்க் கூலிகள்' என்று எழுதினார்கள். தஞ்சை மாவட்டத்திலிருந்தும் திருச்சி மாவட்டத்திலிருந்தும் பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் அவர்களுள் இருந்தனர். ஒருவர்க்கும் பெயரில்லை. மாந்தன் என்று பார்க்காமல், வகைக்கு ஒன்று என்று பார்த்தார்கள். ஒளிப்படம் வருமுன்னரே இப்பழக்கம் தஞ்சையில் வேரூன்றியது. வெள்ளையர் கேட்டபடி, குலத்துக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று இணை இணையாக நம் ஓவியர்கள் வரைந்து கொடுத்தார்கள். அவ்வோவியங்களில் பெரும்பாலானவற்றில் வரைந்தவன் பெயர் இல்லை.

கல்வெட்டில் 400 ஆடல் மகளிர்க்கும் பெயரும் வீடும் இருக்க, 900 ஆண்டு கழித்து அதே தஞ்சையின் ஆடல் மகளிர்க்கு அட்டையில் பெயரே இல்லாமற் போயிற்று. இதை முன்னேற்றம் என்பதா? அடிமைப்பட்ட இனத்தின் முதல் இழப்பு மண்ணன்று, பெயர்!

எப்படித் தேடுவது?

அழிந்ததாகத் தோன்றும் பெயர்களை மீட்க வழியுண்டு. சினத்தோடு கூடச் சிறிது பொறுமையும் வேண்டும்.

முதலாவது, அட்டையின் பின்புறம். தொடக்கத்தில் பின்புறம் முழுதும் முகவரிக்கே உரியது. செய்தியைப் படத்தின் ஓரத்தில்தான் எழுத வேண்டும். நடுவே கோடிட்டு இரண்டாகப் பிரிக்கும் முறையைப் பிரித்தானியா 1902இல் ஏற்றது. உலக அஞ்சல் ஒன்றியம் 1906இல் இசைந்தது. ஆகவே கோடில்லாத அட்டை பெரும்பாலும் அதற்கு முற்பட்டது. சாக்சனியிலோ செருமனியின் பிற பகுதியிலோ அச்சிட்டதாகக் குறித்திருந்தால் 1914ஆம் ஆண்டுப் போருக்கு முற்பட்டதாகவே பெரும்பாலும் இருக்கும். ஒட்டிய தலையில் ஏழாம் எட்வர்டு இருக்கிறானா, ஐந்தாம் சார்ச்சு இருக்கிறானா என்பதும் ஒரு சான்று.

இரண்டாவது, படத்துக்குள் இருக்கும் ஊர். தஞ்சைக்குத் தொடர்வண்டி 1861இல் வந்தது. புதாறு எனப்படும் கல்லணைக் கால்வாய் 1934இல் ஓடத் தொடங்கியது. பெரிய கோயிலுக்கு வெளியே நிற்கும் இராசராசன் சிலை 1972இல் வைக்கப்பெற்றது. கட்டியவன் சிலைக்குக் கோயிலுக்குள் இடமளிக்க நடுவணரசு இசையாமையால் அது வெளியே நிற்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அச்சிலை உள்ள படமும் புதாறு உள்ள படமும் தம் முன்னெல்லையைத் தாமே சொல்லிவிடும்.

மூன்றாவது, படத்தின் ஓரம். கண்ணாடித் தகட்டில் கீறிய எண், கையெழுத்துச் சாயல், மூலையில் ஒளிந்திருக்கும் இரண்டெழுத்து ஆகியவற்றை உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். ஒரே எண்வரிசையும் ஒரே கையெழுத்தும் உள்ள அட்டைகளை ஒன்றாக அடுக்கினால் ஒரு கலைஞனின் வழித்தடம் புலப்படும். அதே படம் பெயருடன் வேறொரு தொகுப்பில் இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு நிலையத்தின் பழந்தகடுகளை மற்றொரு நிலையம் விலைக்கு வாங்கித் தன் பெயரில் வெளியிடுவது உண்டு. எனவே அட்டையின் காலம் வேறு, படத்தின் காலம் வேறு. வெளியிட்டவன் வேறு, எடுத்தவன் வேறு. பெயரில்லாத படம் என்பதாலேயே 'இது தமிழன் எடுத்தது' என்று முழங்கிவிடுதலும் ஆகாது. சான்றில்லாப் பெருமை பகைவனுக்கு நாம் கொடுக்கும் படைக்கலம். சான்று கிடைத்தால் சொல்வோம், கிடைக்கும்வரை தேடுவோம்.

யார் தேடுகிறார்கள்?

சென்னை, பெங்களூர் அஞ்சலட்டைகளைக் கொண்டு 2018இல் ஒரு கண்காட்சி நடந்தது. எங்கே? இலண்டனில்! அந்நகரின் கீழைநாட்டு, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் எமிலி இசுட்டீவன்சன், இசுட்டீபன் இயூசு என்னும் இருவர் அதை அமைத்தனர். தமிழ்நாட்டின் பழைய ஒளிப்பட நிலையங்களைத் தேடிச் சென்று படங்களைப் படியெடுத்துக் காத்தது புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். நல்கை தந்தது பிரித்தானிய நூலகம். அவர்களுக்கு நன்றி சொல்வோம். ஆனால் நம் பாட்டன் எடுத்த படத்தை எவனோ காத்துத் தர, நாம் விலைகொடுத்துப் பார்க்கும் நிலை எத்தனை நாளைக்கு?

அயலவர் மேல் மட்டும் குறை சொல்லி அமைய முடியாது. பழங்கண்ணாடித் தகடுகளைக் கழுவிப் படச்சட்டத்துக்குக் கண்ணாடியாக்கியவர் நம்மவர். இன்றும் நாட்காட்டிக்கும் திருவிழா மலருக்கும் கோயிற்படம் இடும் அச்சகத்தார், எடுத்தவர் பெயரை இடுகிறார்களா? வெள்ளையன் செய்ததை விடுதலைக்குப் பின்னும் நாமே செய்தால் அதற்கு என்ன பெயர்?

நாம் செய்ய வேண்டுவன

ஒன்று: உங்கள் வீட்டுப் பேழைகளிலுள்ள பழம்படங்களைத் திருப்பிப் பாருங்கள். நிலையத்தின் முத்திரை இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். படத்திலிருப்பவர் பெயரை, அவரை அறிந்த முதியோர் உயிரோடிருக்கும்போதே கேட்டு, மென்மையான கரிக்கோலால் படத்தின் பின்னே ஊரோடும் ஆண்டோடும் தமிழில் எழுதுங்கள். மையால் எழுத வேண்டா. பசையிட்டு ஒட்டவும் வேண்டா.

இரண்டு: தஞ்சை, குடந்தை, மன்னார்குடி, நாகை, மயிலாடுதுறை ஆகிய ஊர்களில் வழிவழியாக ஒளிப்பட நிலையம் நடத்திய குடும்பங்களை இளைஞர்கள் நாடிச் செல்ல வேண்டும். கணக்கேடுகளும் தகடுகளும் அவர்களிடம் இருக்கலாம். 'மாயூரம்' என்று மருவிக் கிடந்த ஊர் 1982இல் மயிலாடுதுறை என்னும் தன் பெயரைத் திரும்பப் பெற்றது. ஊருக்கு இயன்றது ஆளுக்கு இயலாதா?

மூன்று: 1981இல் தமிழுக்கென்றே இத்தஞ்சையில் நிறுவப்பெற்றது தமிழ்ப் பல்கலைக்கழகம். தமிழ் ஒளிப்படக் கலைஞர் பெயர்ப் பதிவேடு ஒன்றை அது தொடங்க வேண்டும் என்று நாம் ஒருமித்து வேண்டுவோம். அதன் முதல் வரியில் ஐயாசாமியின் பெயர் தமிழெழுத்தில் இருக்கட்டும்.

நான்கு: நம் இயக்க வெளியீடுகளில் இனி எந்தப் படம் வந்தாலும் எடுத்தவர் பெயரோடு வரட்டும். பிறர்க்குச் சொல்வதை நாம் முதலில் செய்வோம்.

பெருமக்களே! குடைபிடித்தவனுக்கும் விளக்கேற்றியவனுக்கும் கல்லில் இடமளித்த இனம் நாம். அவ்வினத்தின் வழிவந்தோர் ஒளியால் வரைந்த கைகளைப் பெயரின்றி விட்டுவிடுவது முறையாகுமா? நாளைக்கே தேடத் தொடங்குங்கள். ஆளுக்கு ஒரு பெயர் மீட்டாலும் போதும். இந்த அரங்கு நிறையப் பெயர் மீளும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழினம்!