மழைச் செய்தி குடிசைக்கு எட்ட வேண்டும்

(அடி அண்ணாமலையில் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



புயல் என்றால் கடற்கரைக்காரர் கவலை என்றுதான் நாமெல்லாம் நினைத்திருந்தோம். கடல் நமக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 2024-ம் வருஷம் அந்த நினைப்பை உடைத்துவிட்டது.

அவ்வருஷம் நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஏறிய புயல் நகராமல் பல மணி நேரம் நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மறுநாள் மாலை, இதே மலையின் நகரத்துப் பக்கம், வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து வீட்டின் மேல் விழுந்தன. 7 பேர் மாண்டார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள்.

மலையடிவாரத்தில் ஏன் வீடு கட்டினார்கள் என்று சில பெரிய மனிதர்கள் கேட்கிறார்கள். நாம் திருப்பிக் கேட்கிறோம்: கூலிக்காரனுக்கு ஊருக்குள் மனை தந்தவர் யார்?

அதே மழையில் சாத்தனூர் அணை நிரம்பியது. டிசம்பர் 2 விடியுமுன் வினாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் ஊர்கள் மூழ்கின. எச்சரிக்கை விடுத்தோம் என்றது சர்க்கார். எங்களுக்கு எட்டவில்லை என்றார்கள் கரையோர மக்கள். விடுப்பது வேறு, எட்டுவது வேறு. நம் சண்டை இந்த இடத்தில்தான்.

சிவப்பு எச்சரிக்கை என்று கேள்விப்படுகிறோம். ஒரு நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை வரலாம் என்பது அதன் பொருள். ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு ஏக்கரில் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். இருபதுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், எட்டு லட்சம் லிட்டர்! ஆனால் அந்த எச்சரிக்கை மாவட்டத்தின் பேரைச் சொல்லும். உங்கள் தெருவுக்கு மேலே நிற்கும் பாறையைச் சொல்லாது. அதை நாம்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சர்க்கார் வானிலைத் துறையில் இல்லாத பிரதீப் ஜான் போன்றவர்கள் ரேடார் படத்தையும் மழைக் கணக்கையும் ஜனங்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லி வருகிறார்கள். 2015 சென்னை வெள்ளத்தில் எங்கே படகு வேண்டும், எங்கே சோறு வேண்டும் என்று வாலிபர்கள் போனிலேயே சேதி பரப்பினார்கள். நம் தெருவிலும் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நேர் சுவருள்ள ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வையுங்கள். தினம் காலை எட்டரை மணிக்கு அளவுகோல் விட்டுப் பார்த்து எழுதுங்கள். மலையிலிருந்து வரும் ஓடை திடீரென்று கலங்கினாலும், தரையில் புது வெடிப்புக் கண்டாலும், மரம் சாய்ந்தாலும், சிறு கற்கள் உருண்டாலும் தாமதிக்காமல் சேதி சொல்லுங்கள். போன் இல்லாத வீட்டுக்கு ஆள் போக வேண்டும். கிழவிகள் இருக்கும் வீட்டுக்கு முதலில் போக வேண்டும். அணை உடைந்தது என்று யாரேனும் சொன்னால், யார் கண்டது, எப்போது கண்டது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது புரளி, பரப்பாதீர்கள்.

கியூபாவில் 1963-ல் ஃபுளோரா சூறாவளி ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அதன் பிறகு அந்நாடு மக்கள் பாதுகாப்பு அமைப்பைத் தெருத்தெருவாகக் கட்டியது. சூறாவளிக் காலத்துக்கு முன்பே ஒத்திகை நடக்கிறது. முகாமுக்குப் போகும் குடும்பத்துக்கு வாகனமும் வைத்தியரும் உண்டு.

இங்கே, வீட்டை விட்டுப் போ என்கிறார்கள். போனால் அன்றைய கூலி யார் தருவது? ஆடு மாட்டை எங்கே கட்டுவது? இதற்குப் பதில் இல்லாத எச்சரிக்கை பாதி எச்சரிக்கைதான். மழை நாளுக்கு நிவாரணக் கூலி, மேட்டிலே பட்டா மனை, அணை திறக்குமுன் ஊர்தோறும் ஒலிபெருக்கி - இவற்றைக் கேட்டு மனு எழுதி வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். டப்பாவை யார் வீட்டு முற்றத்தில் வைப்பது என்பதையும் கலையுமுன் முடிவு செய்வோம்.