சின்னஞ்சிறு சிறுநீரகம் போதுமா?



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றே கனமானது. சிறுநீரகம் பழுதடைந்த பிள்ளைக்கு, இறந்துபோன ஒரு கைக்குழந்தையின் சிறுநீரகத்தைப் பொருத்தலாமா? பொருத்தினால் நிலைக்குமா?

பிறந்த குழந்தையின் சிறுநீரகம் 4 முதல் 5 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். வளர்ந்தவருடையது 10 முதல் 12 சென்டிமீட்டர். ஆயினும் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அமைப்புகள், சராசரியாக 10 லட்சம், பிறக்கும்போதே அதனுள் அமைந்துவிடுகின்றன. பின்னர் அவற்றின் எண்ணிக்கை கூடுவதில்லை, பருமன்தான் கூடுகிறது. பிறர் உடலில் பொருத்திய பின்னும் அவ்வளர்ச்சி நிற்பதில்லை. ஓராண்டுக்குள்ளாகவே அது பெருமளவு வளர்ந்துவிடுவதை மருத்துவர்கள் கண்டுள்ளனர்.

சிறுநீரக மாற்று முதன்முதலில் முழு வெற்றி கண்டது 1954ஆம் ஆண்டு, பாஸ்டன் நகரில், ஒத்த இரட்டையரிடையே. நம் கோலாலம்பூரில் 1975ஆம் ஆண்டு நடந்தேறியது. எனினும் மிக இளங்குழந்தைகளின் உறுப்பை ஏற்க மருத்துவர்கள் நெடுங்காலம் தயங்கினர். அத்தயக்கத்திற்குக் காரணம் இருந்தது. 1987இல் வட அமெரிக்க மருத்துவமனைகள் கூடித் தொடங்கிய பதிவேடு, 6 வயதுக்குட்பட்டோரின் சிறுநீரகங்கள் பெரியவர்களுடையதைவிட அதிகமாகச் செயலிழந்ததைக் காட்டிற்று. முதன்மையான இடர் மெல்லிய இரத்தக் குழாய்களே. தைத்த இடத்தில் இரத்தம் உறைந்துவிட்டால் ஓரிரு நாளிலேயே உறுப்பு வீணாகும். பெறுவதும் சிறு பிள்ளையாயின் இருபுறமும் குழாய்கள் மெல்லியவை. இடர் இன்னும் மிகுதி.

ஆகவே, இரு சிறுநீரகங்களையும் பிரிக்காமல், அவை இணைந்துள்ள பெருங்குழாய்களோடு சேர்த்தெடுத்து, ஒருவருக்கே பொருத்தும் முறையைக் கையாளுகின்றனர். தேர்ந்த மருத்துவமனைகளில், தொடக்க வாரங்களைத் தாண்டிய இத்தகைய சிறுநீரகங்கள் பல்லாண்டுகள் நன்கு இயங்கி வருகின்றன. பெற்ற பிள்ளை மருந்தை நாள் தவறாமல் உட்கொள்ள வேண்டும். உடல் தேறிவிட்டதென்று நிறுத்தினால் உறுப்பே போய்விடும். டயாலிசிஸ் சிகிச்சையில் வளர்ச்சி குன்றி, பள்ளிக்கும் ஒழுங்காகச் செல்லவியலாத பிள்ளைக்கு இது எத்துணைப் பெரிய மாறுதல் என்பதை ஆசிரியப் பயிற்சி பெற்ற நாம் விளக்கவும் வேண்டுமோ?

தொட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் அந்நேரத்தில் இதனைக் கேட்பது கொடுமையென நமக்கும் தோன்றியதுண்டு. உறுப்பு எடுத்தலுக்கென நம் நாட்டில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் உளது. நடைமுறையில் குடும்பத்தாரின் இசைவைக் கேட்டே எடுக்கின்றனர். மறுப்பதற்கும் பெற்றோருக்கு உரிமை உண்டு. கேட்டவுடன் விடை கூற இயலாமற் போகலாம். ஆதலால்தான் எவர் வீட்டிலும் துயரமில்லாத இந்நாளில் இதனைப் பேச வந்தோம். ஐயங்களை இப்போது கேளுங்கள்.