எடை குறைப்பு அறுவை: எது யாருக்கு ஏற்றது?

(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சையைக் குறித்துப் பேசும்படி எங்களைக் கேட்டுக்கொண்டீர்கள். இதைக் கேள்விப்பட்டவுடன் பலரும் எங்களிடம் கேட்பது இரண்டு கேள்விகள். "வாயைக் கட்டினால் போதாதா, கத்தி எதற்கு?" என்பது ஒன்று. "இது பணக்காரர்கள் அழகுக்காகச் செய்துகொள்வதல்லவா?" என்பது மற்றொன்று. பிறருக்காகப் பணம் கொடுக்கிறவர்கள் இப்படிக் கேட்பது நியாயமே. ஆகவே முதலில் இவற்றிற்குப் பதில் சொல்லுகிறோம்.

எடை ஓர் அளவுக்கு மேல் ஏறிவிட்டால், உடல் அந்த எடையைக் காத்துக்கொள்ளவே பார்க்கிறது. பட்டினி கிடந்து குறைத்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது. உடல் செலவழிக்கும் சக்தியோ குறைகிறது. மிகுந்த பிரயாசத்தோடு குறைத்த எடை மறுபடியும் ஏறிவிடுவது இதனால்தான். இதை மன உறுதி இல்லாத குறை என்று சொல்லிவிட முடியாது. சுவீடன் நாட்டில் 1987-ல் தொடங்கி ஏறக்குறைய 4,000 பேரைக் கவனித்து வந்தார்கள். அறுவை செய்துகொண்டவர்களிடையே மரணம் குறைவு என்ற முடிவு 2007-ல் வெளியானது. ஆகவே இது அழகைப் பற்றிய காரியமல்ல, ஆயுளைப் பற்றிய காரியம்.

அப்படியானால் யாருக்கு இது தேவை? எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. என்னும் எண். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 90 கிலோ இருந்தால் அது 35. இந்த எண் 35-க்கு மேற்பட்டால் அறுவையை யோசிக்கலாம் என்று 2022-ல் சர்வதேச அறுவை மருத்துவர் சங்கங்கள் நெறி வகுத்தன. ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருவதால், நமக்கு அந்த அளவு 27.5 என்று தாழ்த்தப்பட்டிருக்கிறது. ஆனால் எண் மட்டும் தீர்மானிப்பதில்லை. உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி, மருந்து ஆகியவற்றை முயன்று பார்த்த பிறகே இந்தப் பேச்சு.

இனி வகைகளுக்கு வருவோம்.

முதலாவது, இரைப்பையின் மேற்பகுதியில் வளையம் மாட்டும் "பேண்ட்" முறை. இரைப்பையை வெட்டாததால் ஒரு காலத்தில் இதற்கு நல்ல பெயர் இருந்தது. வளையம் நழுவுவதும், அரித்து உள்ளே போவதும், எடை போதுமான அளவு குறையாததும் கண்டு இன்று பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள்.

இரண்டாவது "ஸ்லீவ்". இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, சட்டைக் கை போன்ற ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் அதிகம் சுரக்கும் இடமும் வெட்டுண்ட பகுதியோடு போய்விடுகிறது. குடலைத் தொடுவதில்லை; அறுவை நேரமும் குறைவு. ஆனால் வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

மூன்றாவது "பைபாஸ்". அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் எட்வர்ட் மேசன் 1966-ல் தொடங்கிவைத்த முறையிலிருந்து வளர்ந்தது இது. இரைப்பையின் உச்சியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை அமைத்து, சிறுகுடலை நேரே அதனோடு இணைத்துவிடுவார்கள். உணவு, மீதி இரைப்பையையும் குடலின் ஆரம்பப் பகுதியையும் தொடாமல் போகும். இதிலேயே ஒரே இணைப்போடு செய்யும் "மினி பைபாஸ்" முறையும் உண்டு.

எது மேல்? சுவிட்சர்லாந்தில் 217 பேரிடம் ஸ்லீவையும் பைபாஸையும் ஒப்பிட்டார்கள். ஐந்தாண்டு முடிவில் எடை குறைந்ததில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று 2018-ல் அறிவித்தார்கள். நெஞ்செரிச்சலில்தான் வித்தியாசம் தெரிந்தது. அந்தத் தொல்லை ஏற்கெனவே இருந்தவர்களில், பைபாஸ் செய்தவர்கள் 100-க்கு 60 பேருக்கு அது நீங்கியது. ஸ்லீவ் செய்தவர்களில் 25 பேருக்கே நீங்கியது. சர்க்கரை நோய்க்கு, கிளீவ்லாந்து கிளினிக்கில் 150 பேரைச் சேர்த்துச் செய்த ஆராய்ச்சி 2017-ல் வெளிவந்தது. ஐந்தாண்டுக்குப் பிறகு சர்க்கரையின் மூன்று மாத சராசரி 6 அல்லது அதற்குக் கீழே நின்றவர்கள், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 100-க்கு 5, ஸ்லீவில் 23, பைபாஸில் 29.

ஆகவே சிறந்த அறுவை எது என்று கேட்பதைவிட, இந்த நோயாளிக்கு ஏற்றது எது என்று கேட்பதே சரி. கடும் நெஞ்செரிச்சல் உள்ளவருக்குப் பைபாஸ் ஏற்றது. மூட்டுவாதத்துக்கு நாள்தோறும் வலி மாத்திரை விழுங்கியே ஆகவேண்டியவருக்கும், புகைப்பதை விட முடியாதவருக்கும் பைபாஸ் இணைப்பில் புண் வரும். அங்கே ஸ்லீவை யோசிக்கவேண்டும். வலிப்பு நோய்க்கு மருந்து எடுப்பவருக்குப் பைபாஸ் செய்தால் மருந்து உடலில் சேரும் அளவு மாறக்கூடும். முன்பே பல முறை வயிற்றில் அறுவை நடந்து குடல் ஒட்டிக் கிடந்தால், குடலைத் தொடாத முறையே பத்திரம்.

இவை எல்லாவற்றையும்விட நாங்கள் வற்புறுத்திக் கேட்பது ஒன்று உண்டு: "உயிருள்ள நாள் மட்டும் மாத்திரை சாப்பிட உங்களால் முடியுமா?" இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, பி12 ஆகியவை இரு முறைகளிலும் தேவை, பைபாஸில் இன்னும் கண்டிப்பாகத் தேவை. மாத்திரையை நிறுத்தினால் இரத்தசோகை வரும், எலும்பு பலவீனமாகும், கால் மரத்துப்போகும். விடாத வாந்தி வந்தால் பி1 சத்துக் குறைந்து மூளையே பாதிக்கப்படலாம், உடனே வரவேண்டும். பிள்ளை பெறும் வயதினர் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு கருத்தரிப்பைத் தள்ளிப்போடவேண்டும். அறுவையிலும் தையல் கசிவு, இரத்தக்கட்டி போன்ற ஆபத்துகள் உண்டு. இவற்றை மறைத்துச் சம்மதம் வாங்குவது வைத்தியம் அல்ல.

ஊசி மருந்துகளைப் பற்றியும் கேட்கிறார்கள். செமாகுளூட்டைட், டிர்செபடைட் ஆகியவை எடையை நன்றாகவே குறைக்கின்றன. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. எனவே தொடர்ந்து வாங்க வசதி உண்டா என்பதையும் சேர்த்தே யோசிக்கவேண்டும்.

நண்பர்களே, அறுவைக்கு ஆகும் செலவு ஒரு முறை. மாத்திரைக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் ஆகும் செலவு ஆண்டுதோறும் வரும். ஏழைக் குடும்பம் அறுவைக்குக் கடன் வாங்கிவிட்டு, மாத்திரைக்கு வழியில்லாமல் நின்றால் நாம் செய்த உபகாரம் பாதியில் நின்றுவிடும். உதவ நினைப்பவர்கள் இந்த இரண்டாம் செலவையும் மனதில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

பணமில்லாமல் செய்யக்கூடிய உதவியும் உண்டு. உங்கள் வீட்டு விருந்திலோ கலியாணப் பந்தியிலோ இப்படி ஒருவர் இரண்டு கரண்டியோடு இலையை மூடினால், "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்தாதிருங்கள். அறுவைக்கு முன்னிருந்த அவர் உடம்பைப் பற்றிக் கேலியும் பேசாதிருங்கள்.